மண்வெட்டிப் பிடியில் ஒரு மண்டோர்

காலை மணி ஏழு இருபது. முதலில் கண்ணில் பட்டது ஒரு வால்.

பாத்தியில் கொத்தியபடி விடப்பட்டிருந்த மண்வெட்டியின் பிடி சாய்வாக மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு குருவி. உடலைவிட நீளமான கறுப்பு வால், ஓரத்தில் வெள்ளை, வயிறு செங்கல் நிறம். நான் ஆறடி தூரத்தில் நின்றேன். அது என்னைப் பார்த்தது. பிறகு மண்ணைப் பார்த்தது. வேலை ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று கேட்பதுபோல வாலை ஒரு தடவை தூக்கி இறக்கியது.

"மண்டோர் வந்துட்டாரு" என்று அஞ்சலை அக்கா வாளியைக் கீழே வைத்தார். "கொஞ்சம் வழி விடும்மா. நேரத்துக்கு வேல தொடங்கலன்னா கோவிச்சுக்குவாரு."

ரப்பர்த் தோட்டங்களில் ஆட்களுக்குப் பின்னால் நின்று வேலை வாங்குபவர் மண்டோர். அக்கா மண்வெட்டியை எடுத்ததும் குருவி பயற்றங்கொடிப் பந்தலுக்குத் தாவியது. அவர் மண்ணைப் புரட்டினார். அது அவர் காலடியில் இறங்கி, புழுவைக் கொத்திக்கொண்டு பந்தலுக்குப் போய்ப் பாடியது. "பழைய மண்டோரு திட்டுவாரு" என்றார் அக்கா. "இவரு பாடுறாரு. அவ்ளோதான் வித்தியாசம்."

மாவட்டச் செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டிருந்தார். ஓய்வு பெற்றவர்கள் இந்த மாதிரி இடத்தில் வெள்ளத்தைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் சொல்வார்கள். நான் ஒரு காய்கறிக் கொல்லையைப் பற்றிச் சொல்கிறேன். அதைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் ஒரு தகவல்கூடத் தவறில்லை. ஈப்போ அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்ததில் நான் செய்த பெரிய தவறு அந்தக் கட்டுரைதான்.

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. ஈப்போவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். எந்தத் திசை என்பதும் வேண்டாம். அஞ்சலை என்பது அந்த அக்காவின் உண்மையான பெயர் அல்ல. காலை ஏழு இருபது என்பதை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறேன். அது இனி யாருக்கும் பயன்படாது.

கொல்லை அரை ஏக்கருக்கும் குறைவு. ஒரு பக்கம் எண்ணெய்ப்பனை. மறுபக்கம், சீவாமல் விட்டுவிட்ட பழைய ரப்பர் மரங்கள், நடுவே காட்டுச்செடி, ஓரத்தில் மூங்கில். அக்கா அந்த மரங்களில் இருபத்தெட்டு வருடம் பால் சீவியவர். தோட்டம் கைமாறிய பிறகு, தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளை உடைத்தார்கள். எஞ்சிய நான்கில் ஒன்றில் அவர் தனியாக இருந்தார். கணவர் இறந்துவிட்டார். மகள் ஜொகூரில்.

நான் எழுதப் போனது அவர் கொல்லையைப் பங்கு பிரித்திருந்த விதத்தைப் பற்றி. வேலி கிடையாது. வெளிவரிசை மரவள்ளி காட்டுப்பன்றிக்கு. "வேலி போட்டா கோவத்துல எல்லாத்தையும் பேத்துப்புடும். ஓரமா கொஞ்சம் கெடச்சா தின்னுட்டு போயிரும்லா." பப்பாளியில் கைக்கு எட்டாத உயரத்தில் பழுப்பது மரநாய்க்கு. குரங்குகளுக்கு மட்டும் பங்கு கிடையாது. அவற்றை விரட்ட ஒரு ரேடியோ வைத்திருந்தார்.

"மொதல்ல பயந்துச்சுங்க. இப்ப பழைய பாட்டு போட்டா வந்து ஒக்காந்து கேக்குதுங்க. நியூஸ் போட்டாத்தான் ஓடுதுங்க."

நான் செய்தியாளர் என்பதை மறந்து சொன்னாரா, நினைத்தே சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

எல்லா விருந்தாளிகளிலும் மண்டோர்தான் அவருக்கு முக்கியம் என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்தது. காலையில் வேறு யாரோடும் பேச ஆளில்லாததால் அதனோடுதான் பேசுவார். மகள் கூப்பிட்டதை, முட்டி வலியை, மிளகாய்ச் செடி சுருண்டதை எல்லாம் அதனிடம் ஒப்பித்துக்கொண்டே கொத்துவார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மண்வெட்டியைப் பாத்தியிலேயே விட்டுவிட்டுப் போவார். மறுநாள் அது வந்து உட்கார இடம் வேண்டுமாம்.

நூல்களில் அந்தப் பறவையின் பெயர் சோலைபாடி. இங்கே மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோருக்கும் அது முராய் பத்து. கூண்டில் வளர்த்துப் பாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. காட்டுப் பறவையைப் பிடித்து விற்பவர்களும் உண்டு. இது எனக்குத் தெரியும். ஆகவே எச்சரிக்கையாகத்தான் எழுதினேன். ஊர்ப் பெயரை விட்டேன், சாலைப் பெயரை விட்டேன். படத்தில் மண்வெட்டிப் பிடியும் குருவியும் மட்டும் இருக்கும்படி வெட்டினேன்.

தோட்டத்தின் பெயரை விடவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது செய்தி திருத்திய துணையாசிரியர் ஒருவர், தோட்டத்தின் பெயர் இல்லாமல் ஒரு மனிதரைப் பற்றி எழுதிக் கொடுத்தால் தாளைத் திருப்பி எறிவார். "இந்தாளு வானத்துல இருந்து குதிச்சானா? எந்தத் தோட்டம்னு கேட்டியா?" நம் ஆட்கள் இருவர் முதல்முறை சந்தித்தால் அடுத்த கேள்வி அதுதானே? தோட்டம் அழிந்து வீடமைப்பாகி இருபது வருடம் ஆனாலும் அதே கேள்விதான். நானும் அப்படியே பழகினேன்.

அக்காவும் கேட்டார். "எங்க தோட்டத்து பேரு போடுவீங்கல்ல? கம்பெனி வச்ச பேரு இல்ல, நாங்க கூப்புடுற பேரு." ஆங்கிலப் பெயர் ஒன்று ஆவணங்களில் இருந்தது. தொழிலாளர்கள் வைத்த தமிழ்ப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. வரைபடத்தில் இல்லாத பெயரை வைத்துக்கொண்டு யார் தேடி வர முடியும் என்று நினைத்தேன். போட்டேன்.

என் வழக்கப்படி முதல் வரியில் நேரத்தையும் போட்டேன். காலை மணி ஏழு இருபது.

ஞாயிற்றுக்கிழமை கட்டுரை வந்தது. அன்று பகலிலிருந்து அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. தைப்பிங்கிலிருந்து ஒருவர், பாகான் செராயிலிருந்து ஒரு பெண், சுங்காயில் உணவகம் வைத்திருக்கும் ஒரு பாய். எல்லோருக்கும் அந்தத் தமிழ்ப் பெயர் தெரிந்திருந்தது. "எங்கம்மா பொறந்தது அங்கதான் அக்கா" என்று அந்தப் பெண் அழுதார். பாய் அந்தத் தோட்டத்துக்கு மூன்று வருடம் ரொட்டி கொண்டுபோய் விற்றவராம். எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியாக ஒரு ஆண் குரல், மிக மரியாதையாக. "நல்லா எழுதியிருந்தீங்க அக்கா. அந்த குருவி இன்னும் வருதா?"

"தெனமும் வருது தம்பி" என்றேன். "ஏழு இருபதுன்னா வந்துரும்."

இந்தப் பதிலை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். யார் என்று கேட்கவில்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை. முப்பது வருடம் மற்றவர்களிடம் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுச் சம்பாதித்தவள் நான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா கூப்பிட்டார். "அம்மா, பயித்தங்கா பந்தல்ல எவனோ பால் பூசிட்டு போயிருக்கான். சின்ன குருவி ஒண்ணு ஒட்டிக்கிச்சு. என்ன பண்றதுன்னு தெரியல."

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. பந்தலில் ஈர்க்குச்சி அளவில் ஏழு மூங்கில் குச்சிகள் செருகப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பழுப்பான பசை. அக்கா மடியில் துணியை விரித்து, அதில் ஒரு கொண்டைக்குருவியை வைத்து, இறகு இறகாகத் தேங்காய் எண்ணெய் தடவிப் பசையை எடுத்துக்கொண்டிருந்தார். குருவியின் வாய் திறந்தே இருந்தது.

"கித்தா பால் இல்ல" என்றார் தலை நிமிராமல். கித்தா என்று அவர் சொன்னது ரப்பரை. விரலை மூக்கருகில் கொண்டுபோனார். "பலா பாலு. எண்ணெ ஊத்தி காய்ச்சியிருக்கான். தெரிஞ்சவன்தான்."

"மண்டோர்?"

"வந்தாரு. நா குச்சிய பாத்துட்டு வெரட்டிட்டேன். மூங்கில்ல இருக்காரு."

கொண்டைக்குருவியை நிழலில் ஒரு கூடைக்கு அடியில் வைத்தோம். அப்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நாற்பது வயதுக்குள் ஒரு ஆள். பின் இருக்கையில் துணி போர்த்திய கூண்டு. எங்களைப் பார்த்ததும் திரும்பிவிடுவான் என்று நினைத்தேன். அவன் இறங்கிச் செருப்பைக் கழற்றினான்.

"அத்தை" என்றான். "என்னைத் தெரியுதா?"

அக்கா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாக்கியத்து மவன். சேகரு."

பாக்கியம், அக்காவுக்கு அடுத்த நிரையில் பதினைந்து வருடம் பால் சீவியவர். இப்போது ஈப்போவில் அடுக்குமாடி வீட்டில் இந்த மகனோடு இருக்கிறார். சேகர் பத்து வயது வரை இந்த லயன் வீடுகளில் வளர்ந்தவன், இப்போது லாரி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கடையில் பேப்பரைப் பார்த்திருக்கிறான். தோட்டத்தின் பெயரைப் படித்ததுமே அவனுக்கு இடம் தெரிந்துவிட்டது. தொலைபேசியில் பேசிய குரலும் அதுதான்.

"குச்சி நீ வச்சதா?" என்று அக்கா கேட்டார்.

"ஆமா அத்தை."

"பால் காய்ச்ச யாருடா சொல்லிக் குடுத்தா?"

"அப்பாதான்." அவன் கூச்சத்தோடு சிரித்தான். "இங்கயே, அந்த கிணத்தடியில."

"ஒங்கப்பன் ஒழுங்கா மரம் சீவுனானோ இல்லியோ, இத மட்டும் நல்லா கத்துக் குடுத்திருக்கான். ஏன்டா, என் கொல்லைக்கு வாரேன்னா வாசல் பக்கம் வந்து ஒரு வார்த்த கேக்கக்கூடாதா? திருடன் மாரி இருட்டுல வந்து குச்சி சொருவிட்டு போவியா?"

"கேட்டா குடுப்பீங்களா?"

"குடுக்க மாட்டேன்."

"அப்பறம் எப்படி அத்தை கேக்குறது?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க எண்ணெய்ப் புட்டியை மூடினார். நான் சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்தேன். வனவிலங்கு இலாகாவின் எண் என்னிடம் இருந்தது. குச்சிகள் இருந்தன, கூண்டு இருந்தது, ஆள் ஒப்புக்கொண்டுவிட்டான். மறுநாள் பேப்பருக்கு நல்ல செய்தி என்று நினைத்ததையும் மறைக்க விரும்பவில்லை.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "கூப்புடுங்க அக்கா. என் மேல தப்பு இருக்கு. ஆனா நா எடுக்கலன்னா வேற எவனாச்சும் எடுப்பான். பேப்பர்லயே போட்டாச்சுலா." தன் கைப்பேசியை நீட்டினான். குருவி வளர்ப்பவர்களின் குழு ஒன்று. அதில் என் கட்டுரையின் படம். அதற்குக் கீழே ஒருவர் மலாயில் கேட்டிருந்தார், இது எங்கே என்று. இரண்டு பேர் தேடிச் சொல்வதாக எழுதியிருந்தார்கள்.

"நா சொல்லல" என்றான். "ஆனா கொல்லைக்காரம்மா பக்கத்துல வந்து ஒக்காருதுன்னு எழுதியிருக்கீங்க. அதுதான் அவனுங்களுக்கு வேணும். மனுசனப் பாத்து பயப்படாத முராய புடிக்கிறதுக்கு பசையே வேணாம். சின்ன வலை போதும்."

மூங்கில் பக்கமிருந்து பாட்டு கேட்டது. சேகர் தன்னை அறியாமல் தலையைச் சாய்த்துக் கேட்டான். பத்து விதமாக இழுத்து, முறித்து, வேறொரு குருவியைப் போலக் கத்தி, மறுபடி தன் குரலுக்கு வந்தது.

"என்னா பாட்டு அத்தை" என்றான். "எங்கிட்ட குடுத்தா ராஜா மாரி வச்சுக்குவேன். வெட்டுக்கிளி, எறும்பு முட்டை, எல்லாம் குடுப்பேன்."

"மண்டோர கூண்டுல போட்டா வேலய யாரு பாக்குறது?" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "போன வச்சிரும்மா. இவன புடிச்சு குடுத்துட்டா மத்தவன் வராம இருப்பானா?"

உள்ளே போய் அவித்த மரவள்ளியும் மிளகாய்ச் சம்பாலும் கொண்டுவந்தார். சேகர் கீழே உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்து, யாரும் சொல்லாமலே எழுந்து, ஏழு குச்சிகளையும் பிடுங்கினான். எட்டாவதாக ஒன்று மிளகாய்ச் செடிக்குப் பின்னால் இருந்தது. அதை நாங்கள் பார்க்கவே இல்லை. அவன் கூடையைத் தூக்கினான். கொண்டைக்குருவி பறந்து எண்ணெய்ப்பனை வரைக்கும் போனது.

"என்னடா செய்யலாம்?" என்று அக்கா அவனிடம்தான் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

"அதுக்கு பயம் வரணும் அத்தை" என்றான் சேகர். "மனுசன்னா பயம் வரணும். வேற வழி இல்ல."

நான் அன்றே அலுவலகத்துக்குத் திரும்பினேன். அச்சான பேப்பரைத் திரும்ப வாங்க முடியாது. இணையத்தில் இருந்த கட்டுரையிலிருந்து தோட்டத்தின் பெயரையும் நேரத்தையும் எடுக்கச் சொன்னேன். அந்த வாரம்தான் அதிகம் பேர் படித்த கட்டுரை அது. இணையப் பகுதியைக் கவனித்த தம்பிக்குப் புரியவில்லை.

"எது அக்கா தப்பு? திருத்தம் போடணும்னா என்னன்னு போடறது?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. எடுத்துரு."

"சரியா இருக்கறத எதுக்கு எடுக்கணும்?"

நியாயமான கேள்வி. தவறான தகவலுக்குத் திருத்தம் போட நம்மிடம் ஒரு முறை இருக்கிறது. சரியான தகவலை என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. அரை மணி நேரம் பேசி எடுக்க வைத்தேன். பெயரை எடுக்கப் போவதாக, கொல்லையிலிருந்து கிளம்பும் முன்பே அக்காவிடம் சொல்லியிருந்தேன். கட்டுரையை வெட்டிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். அந்தப் பெயர் இருந்த வரிக்குக் கீழே யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். "எடுத்துரும்மா" என்றார். "செவத்துல இருக்குல்ல."

புதன்கிழமை விடியுமுன் மறுபடி கிளம்பினேன். யாரும் வரச் சொல்லவில்லை. என்ன நடக்கப் போகிறது என்பது தெரியும்; பார்க்காமல் இருப்பது சரியாகப் படவில்லை.

ஏழு இருபதுக்கு மண்டோர் வந்தது. மண்வெட்டிப் பிடியில் உட்கார்ந்தது. அக்கா கொத்தவில்லை. ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தார். பால் சீவிய கை. மணிக்கட்டிலிருந்து வந்த வீச்சு. குருவிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. குருவி பந்தலுக்குப் போனது. திரும்பி வந்தது. இரண்டாவதும் ஒரு சாண் தள்ளி. மூன்றாவதும் அதே ஒரு சாண்.

"போ" என்றார். அதுவரை அதை அவர் மரியாதை இல்லாமல் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "பெரட்டு இல்ல இன்னிக்கு. போ."

பெரட்டு என்பது வேலை தொடங்கும்முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது. குருவிக்கு அதெல்லாம் தெரியாது. அன்று ஐந்து தடவை திரும்பி வந்தது. கடைசித் தடவை மண்ணில் இறங்கி, புரட்டப்படாத பாத்தியில் கொஞ்ச நேரம் நடந்து பார்த்துவிட்டுப் போனது.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "தேத்தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார். குடித்தோம். அவர் மண்டோரைப் பற்றிப் பேசவில்லை. மகளின் மாமியாரைப் பற்றிப் பேசினார்.

இப்படிப் பன்னிரண்டு நாள். நான் அன்றாடம் கூப்பிட்டுக் கேட்டேன். ஐந்து, நான்கு, நான்கு, இரண்டு என்று எண்ணிக்கையைச் சொல்வார். ஒன்பதாம் நாள் பந்தலோடு நின்றுவிட்டது என்றார். பதிமூன்றாம் நாள் வரவில்லை.

அதற்குள் இரண்டு முறை வேறு ஆட்கள் வந்து போனார்கள். ஒருமுறை சேகர் அங்கே இருந்தான். எண்ணெய்ப்பனை ஓரத்தில் அவர்களோடு நின்று சிகரெட் பிடித்தபடி, குருவியை ஏற்கெனவே யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். "பொய்தான் அக்கா" என்று என்னிடம் சொன்னான். "நீங்க உண்மைய எழுதுனீங்க, நா பொய் சொன்னேன். சரியாப் போச்சு." அடுத்த மாதம் தன் அம்மாவை அழைத்துவந்தான். இரண்டு பெண்களும் பழைய நிரையில் நடந்துபோய்த் தங்கள் மரங்களைத் தேடினார்கள். பாக்கியத்தின் மரம் ஒன்று இருந்தது.

உங்களுக்கு இதிலிருந்து ஒன்று சொல்லவேண்டும் என்றால், நான் சொல்வது இதுதான். தகவல் சரியா என்று பார்க்க உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அதைப் பாருங்கள். பார்த்து முடித்த பிறகு, இந்தத் தகவல் யாருக்கெல்லாம் உதவும் என்று இன்னொரு தடவை பாருங்கள். வரைபடத்தில் இல்லாததால் யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். நம் பேப்பரைப் படிப்பவர்கள் வரைபடத்தைப் பார்த்து ஊர்களைத் தெரிந்துகொண்டவர்கள் அல்ல. உங்கள் எழுத்தில் ஒருவர் தன் ஊர்ப் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டால், அவருக்கு அது எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சில நேரம் முடியாது என்று சொல்லவேண்டியிருக்கும். அன்று எனக்கு அது வரவில்லை.

இப்போதும் மாதம் ஒருமுறை போகிறேன். வெளிவரிசை மரவள்ளி பன்றிக்கு என்பது மாறவில்லை. குரங்குகள் பாட்டுக் கேட்க வருகின்றன. அக்கா கொத்துவது சாயங்காலம் நான்கு மணிக்கு மேல். காலையில் மூங்கிலுக்குள்ளிருந்து பாட்டு கேட்கும். குருவியைப் பார்க்க முடியாது. கேட்கும்போது அக்கா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்பார். பாட்டு நின்றதும் எடுத்துக்கொள்வார்.

மண்வெட்டி வீட்டுக்குள், கதவுக்குப் பின்னால் இருக்கிறது.